வலிவில் பிறக்கும் நலிவு

ஒரு சங்கம் நலிவுற்றது என்று கேள்வியுற்றால், அதன் குறைகள் யாவை என்று தேடுவதே நம் வழக்கம். கடன் நிலுவை எவ்வளவு, சரக்குத் தேக்கம் எவ்வளவு, நட்டம் எந்த ஆண்டில் தொடங்கியது என்று ஏடுகளைப் புரட்டுகிறோம். ஆய்வுக்கென வகுக்கப்பட்ட படிவங்களும் குறைகளைக் கண்டறியும் நோக்குடனேயே அமைந்தவை. ஆயின், நலிந்துபோன ஒரு சங்கத்தின் பழைய ஏடுகளைப் பொறுமையுடன் பின்னோக்கிப் பயின்றால், சில வேளைகளில் வேறொரு செய்தி புலனாகும். நலிவின் வித்து விழுந்த ஆண்டு, அச்சங்கம் மிகச் சிறந்த இலாபம் காட்டிய ஆண்டாகவே இருக்கும். அது பொதுக்குழுவில் பாராட்டுத் தீர்மானம் நிறைவேறிய ஆண்டு. அங்கத்தினர் எவரும் ஒரு வினாவும் எழுப்பாத ஆண்டு.

இதனைத் தற்செயல் என்று கொள்ளாமல் உலக இயற்கை என்றே கொண்ட அறிஞர் ஒருவர் பழஞ் சீனத்தில் வாழ்ந்தார். லாவோத்சு என்பது அவர் பெயர். அவருடைய வரலாறு தெளிவாகத் தெரிந்ததன்று. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் சௌ மன்னரின் ஏட்டுச் சாலையைக் காத்து வந்தார் என்றும், நாடு சீர்கெடக் கண்டு மேற்றிசை நோக்கிப் புறப்பட்டபோது எல்லைக் காவலர் வேண்டிக்கொண்டதற்கு இணங்கித் தம் கருத்துகளை எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்றார் என்றும் மரபு கூறும். அந்நூலே ‘தாவோ தே சிங்’. 81 சிறு பகுதிகளும், ஏறத்தாழ 5,000 சீன எழுத்துகளும் கொண்டது. நம் சங்கங்கள் சிலவற்றின் துணைவிதிகள் இதனினும் நீளமானவை! 1993-ஆம் ஆண்டில் சீனத்துக் குவோதியன் என்னுமிடத்தில் ஒரு பழங் கல்லறையை அகழ்ந்தபோது, இந்நூலின் பகுதிகள் எழுதப்பெற்ற மூங்கிற் பட்டைகள் கிடைத்தன. அவை கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தவை என்பர்.

‘தாவோ’ என்றால் வழி அல்லது நெறி என்று பொருள். உலகப் பொருள்கள் இயங்கும் நெறியை உற்று நோக்கிய லாவோத்சு, ஒவ்வோர் இயக்கமும் தன் எல்லையை எட்டியவுடன் எதிர்த்திசையில் திரும்புகிறது என்று கண்டார். முற்றி விறைத்த மரம் காற்றுக்கும் கோடரிக்கும் எளிதில் இரையாவதையும், இளந்தண்டு வளைந்து பிழைப்பதையும் அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். விளிம்புவரை நிரப்பிய பாத்திரம் சிந்துமென்பதும், அளவுக்கு மிஞ்சித் தீட்டிய கத்தி விரைவில் மழுங்குமென்பதும் அவர் கருத்தேயாகும். இதனைப் படிப்போர் சிலர், அவர் சோம்பலையும் கோழைமையையும் போற்றினார் என்று மயங்குவதுண்டு. அது பிழை. வலிமை வேண்டா என்று அவர் கூறவில்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று அறியாத வலிமையையே அவர் அஞ்சினார். நம் வள்ளுவரும் வலியறிதல் என்று தனியே ஓர் அதிகாரம் வகுத்தமை ஈண்டு நினையத்தக்கது.

லாவோத்சுவின் கருத்துக்குச் சீன வரலாறே பெரியதொரு சான்றளித்தது. அரசுகள் பல தம்முள் பொருத அக்காலத்தில், கடுமையான சட்டத்தாலும் கட்டுப்பாட்டாலும் ஓங்கியது சின் என்னும் அரசு. கி.மு. 221-இல் அது ஏனைய அரசுகளையெல்லாம் வென்று சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்தது. அதனை எதிர்க்க வல்லார் எவருமிலர். ஆயினும் 15 ஆண்டுகளுக்குள் அவ்வரசு அழிந்தது. அழிவு தொடங்கிய விதத்தைப் பழைய வரலாற்றாசிரியர் சூமா சியென் எழுதி வைத்துள்ளார். கி.மு. 209-இல் எல்லைக் காவலுக்கு அழைத்துச் செல்லப்பட்ட குடியானவர் கூட்டம் ஒன்று மழையால் வழியில் தடைப்பட்டது. குறித்த நாளில் சேராதார்க்குத் தண்டனை மரணம். சென்றாலும் சாவு, ஓடினாலும் சாவு, எதிர்த்தாலும் சாவு என்ற நிலையில் அவர்கள் எதிர்ப்பதையே தேர்ந்துகொண்டனர். சட்டத்தின் கடுமையே அரசின் வலிமை; அக்கடுமையே அடங்கி நடப்பதாலும் பயனில்லை என்று குடிகளை எண்ண வைத்தது.

இவ்வுண்மை தறிமேடையில் இருப்பவர்க்குப் புதிதன்று. பாவுக்குக் கஞ்சி ஏன் போடுகிறோம்? பருத்தி இழையின் மேல் எழுந்து நிற்கும் பிசிறுகளைப் படிய வைத்து, அச்சிலும் விழுதிலும் உராயும்போது இழை அறாதபடி வலுவூட்டவே போடுகிறோம். கஞ்சி குறைந்தால் இழை பிசிறி அறும். சரி, வலுதானே வேண்டும் என்று கஞ்சியை மேலும் மேலும் ஏற்றினால் என்ன ஆகும்? இழை விறைக்கும். கையால் இழுத்துப் பார்த்தால் கம்பிபோல் தோன்றும். தறியில் ஏற்றி மிதிக்கும்போது, விழுது மேலும் கீழும் செல்லும் ஒவ்வொரு முறையும் இழை சற்றே நீண்டு மீள வேண்டும். விறைத்த இழைக்கு அந்த நெகிழ்ச்சி இல்லை; ஆகவே அது முறியும். தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்க்கும் முதியவர்கள் விரல் நுனியால் தடவி, இவ்வளவு போதும் என்று நிறுத்துவார்கள். நெசவில் பாதித் திறமை அந்தப் ‘போதும்’ என்பதில் இருக்கிறது.

நெற்பயிரிலும் இதனையே காண்கிறோம். தழைச்சத்து மிகுதியாக இட்ட வயல் கரும்பச்சையாய்ச் செழித்து, வரப்பில் நிற்போர் கண்ணை மகிழ்விக்கும். ஆனால் அத்தண்டு மென்மையாய் நீண்டு வளர்ந்தது. கதிர் முற்றிக் கனக்கும்போது ஒரு காற்று மழைக்குப் படுத்துவிடும். குலைநோயும் புகையானும் நாடி வருவதும் அந்தச் செழித்த வயலையே. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்து யூரியா இடுக என்று வேளாண்மைத் துறையினர் வற்புறுத்துவதன் காரணம் இதுவேயாகும்.

நிற்க. வியாசர்பாடியில் இருந்துகொண்டு இதனை எழுதும் நமக்கு, சான்று தேடிச் சீனம்வரை செல்ல வேண்டிய தேவையே இல்லை. ரயில் பாதையைக் கடந்து புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி என்று நடந்தால், பின்னி ஆலை என்று மக்கள் வழங்கிய பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள் நின்ற இடத்தை அடையலாம். பக்கிங்காம் ஆலை 1876-இலும், கர்நாடிக் ஆலை 1881-இலும் தொடங்கப்பட்டன. 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. பஞ்சு ஒரு வாயிலில் நுழைந்தால், நூலாகித் துணியாகிச் சாயமேறி மறு வாயிலில் வெளிவரும். பதினாயிரத்திற்கும் மேற்பட்டோர் வேலை செய்தனர். படைவீரர்க்கும் காவலர்க்கும் வேண்டிய காக்கித் துணிக்கு அவ்வாலைகள் பெயர் பெற்றவை. தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளியும், தொழிலாளர்க்குக் குடியிருப்பும் நிறுவியவை. வட சென்னையில் ஆலை வேலை என்பது அரசாங்க உத்தியோகத்திற்கு அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டது.

அந்த ஆலைகளின் வரலாற்றில் வலிமை திரும்பி அடித்த நிகழ்ச்சிகள் ஒன்றல்ல, பல. முதலாவது, நீதிமன்றத்தில் நிகழ்ந்தது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் முயன்று தொடங்க, பி. பி. வாடியா தலைவரானார், திரு. வி. க. துணை நின்றார். உணவு இடைவேளை போதாது என்பது அந்நாளில் எழுந்த முறையீடுகளுள் ஒன்று. இன்று எண்ணிப் பார்த்தால் எவ்வளவு எளிய கோரிக்கை! நிர்வாகத்திற்கும் சங்கத்திற்கும் பூசல் முற்றியது, ஆலைக்கதவு அடைக்கப்பட்டது, வேலை ஒப்பந்தத்தை மீறுமாறு தொழிலாளரைத் தூண்டினார் என்று வாடியாவின்மீதும் பிறர்மீதும் நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1920-இல் தீர்ப்பு நிறுவனத்திற்குச் சார்பாகவே அமைந்தது. வாடியா சங்கத்தினின்றும் விலக நேர்ந்தது. முழு வெற்றி என்றே எவரும் கூறுவர்.

ஆனால் அவ்வெற்றி நாடு முழுவதும் ஓர் அச்சத்தை எழுப்பியது. நேர்மையாக ஒரு சங்கம் நடத்துவோரையும் இவ்வாறு வழக்கில் இழுக்கலாம் என்றால் தொழிற்சங்கம் என்பதே எங்ஙனம் நிலைக்கும்? 1921-இல் என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் இதற்கெனத் தீர்மானம் கொணர்ந்தார். அதன் வழியே 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. பதிவு பெற்ற சங்கத்தினர்க்கு இத்தகைய வழக்குகளினின்றும் பாதுகாப்பு அளித்த சட்டம் அது. நிறுவனம் அவ்வழக்கைத் தொடுக்காதிருப்பின், அல்லது தொடுத்துத் தோற்றிருப்பின், அச்சட்டம் அத்துணை விரைவில் வந்திருக்குமா என்பது ஐயமே.

தொழிலாளர் பக்கத்திலும் இதே நெறி தன் வேலையைச் செய்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. 1921-இல் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்த பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. பல்லாயிரவர் ஓரணியாய் நின்றதே சங்கத்தின் வலிமை. அவ்வணியினுள்ளே சாதி என்னும் விரிசல் இருந்தது. எண்ணிக்கையின் பெருமையில் அது எவர் கண்ணிலும் படவில்லை. ஒருநாட் கூலி தவறினும் அடுப்பு எரியாத நிலையிலிருந்த ஆதிதிராவிடத் தொழிலாளரில் பலர் வேலைக்குத் திரும்பினர். அதன்பின் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, கலகம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. சங்கம் அதினின்றும் எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆயின. விரிசல் முன்பே அறியப்பட்டிருந்தால், மிகவும் எளியவர்க்கு முதலில் உதவி என்ற ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டிருந்தால், அவ்வேலைநிறுத்தத்தின் போக்கே வேறாக இருந்திருக்கும் என்பது நம் கருத்து.

வலிமை தானே நேராக நலிவாக மாறுவதில்லை. அது நலிவை மூடி மறைக்கிறது. மறைவில் நலிவு வளர்கிறது. வலிமை சற்றே தளர்ந்த நாளில் அந்நலிவு முழு வளர்ச்சியுடன் வெளிப்படுகிறது. ஆலைகளின் பிற்கால வரலாற்றை இந்த நோக்கில் பார்த்தால் நன்கு விளங்கும். போர்க்காலங்களில் காக்கித் துணிக்கு இருந்த தேவைக்கு எல்லையில்லை. நெய்ததெல்லாம் விலைபோயின. பல்லாயிரம் தொழிலாளர், பல ஏக்கர் நிலம், ஒரே கூரையின்கீழ் எல்லாத் துறைகளும் என்பன யாவும் பெரும் ஒப்பந்தத்தை நிறைவேற்ற ஏற்ற அமைப்பு. ஆனால் அதே அமைப்பு, தறி ஓடினாலும் ஓடாவிடினும் கொடுத்தே தீரவேண்டிய செலவுகளைக் கொண்டது. சந்தையின் விருப்பம் மாதத்திற்கு மாதம் மாறத் தொடங்கியபோது, பெரிய உடம்பு திரும்ப இயலவில்லை.

விடுதலைக்குப் பின் விசைத்தறிகள் சிறு கொட்டகைகளில் பெருகின. பத்துத் தறி வைத்திருப்பவன் இன்று சேலை நெய்வான். நாளை துண்டு நெய்வான். சந்தை மந்தமானால் தறியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பான். பாலியெஸ்டர் கலந்த துணிகள் வந்தன. நாடெங்கும் பெரிய பஞ்சாலைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1982-இல் பம்பாய் ஆலைகளில் தொடங்கிய வேலைநிறுத்தத்திற்குப் பின் அங்குப் பல ஆலைகள் மீளவேயில்லை. பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. அவை நின்ற நிலத்தில் பின்னர் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன.

இதனைக் கேட்ட கைத்தறி நெசவாளர், ஆகவே மெலிந்த நாமே வென்றோம் என்று மகிழ இடமில்லை. ஆலையைத் தளர்த்திய விசைத்தறி கைத்தறியையும் விட்டு வைக்கவில்லை. 1985-ஆம் ஆண்டின் சட்டம் சில இரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கியும், அவ்விரகங்களே விசைத்தறியில் நெய்யப்பட்டுச் சந்தைக்கு வருவதை அன்பர்கள் அறிவார்கள். மெலிவு தானாகவே வெல்லும் என்று லாவோத்சுவும் கூறினாரில்லை. நெகிழ்வுள்ளது பிழைக்கும் என்றார். மெலிவும் நெகிழ்வும் ஒன்றல்ல.

பணத்துறையில் இவ்வுண்மைக்குச் சென்னை கண்ட பெருஞ் சான்று ஆர்பத்நாட்டு நிறுவனம். நகரின் மிகப் பழைய, மிக மதிப்புற்ற வணிக நிறுவனங்களுள் ஒன்று. ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் மிராசுதார்களும் தம் சேமிப்பை அதனிடம் வைத்திருந்தனர். அந்நிறுவனத்தின் பெயரே ஈடு; கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு. அந்த நம்பிக்கைத் திரையின் பின்னால், இலண்டன் கூட்டாளியின் துணிகர முதலீடுகளில் பணம் கரைந்துகொண்டிருந்தது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் நிறுவனம் முறிந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டு சிறை சென்றார். அந்த அதிர்ச்சியில் பின்னி நிறுவனமும் தள்ளாடி, பிறர் கைகொடுத்ததால் தப்பியது. அடிபட்ட மக்களின் மனக்கொதிப்பிலிருந்து 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது.

அதற்கு இரண்டாண்டு முன்னர்தான், 1904-இல், கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்திருந்தது. திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு சிறிய கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் அவ்வாண்டிலேயே தொடங்கின. ஆர்பத்நாட்டின் பேரேட்டின்முன் அவற்றின் மூலதனம் எம்மாத்திரம்! ஆனால் அங்கே அங்கத்தினர் ஒருவரையொருவர் அறிவர். கணக்கைக் கேட்பது அவர்தம் உரிமை, கேட்காமலிருப்பதே குற்றம். கூட்டுறவின் பாதுகாப்பு அதன் செல்வத்தில் இல்லை. அங்கத்தினர் எழுப்பும் தொல்லை தரும் வினாக்களில் இருக்கிறது. பொதுக்குழுவில் எழுந்து நின்று கேள்வி கேட்பவரை முகஞ்சுளித்து நோக்கும் நிர்வாகக் குழுவினர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும்.

விளைவிப்போர்க்குரிய சான்று ஒன்று இவ்வட்டாரத்திலேயே உள்ளது. எண்ணூருக்கு வடமேற்கே மீஞ்சூர்ப் பகுதியில், ஆரணியாறும் கொசத்தலையாறும் படியவைத்த மணற்படுகையில் நன்னீர் நிறைந்திருந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து அந்நீர் நகருக்கும் மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளுக்கும் பெருமளவில் இறைக்கப்பட்டது. உழவர்களும் கவலை ஏற்றத்தை விடுத்து இயந்திரப் பம்புகளுக்கு மாறினர். பம்பின் வலிமை மிகமிக, நீர்மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. முன்னாளில் கிணற்றில் நீர் ஒரு முழம் இறங்கினால் இறைப்பவன் தோள் அதனைச் சொல்லிவிடும். மோட்டார் அதனைச் சொல்லாது. குழாயை இன்னும் ஆழ இறக்கினால் போதும்.

கடற்கரை நிலத்தில் இதன் விளைவு கொடியது. நன்னீர் உவர்நீரைவிட இலேசானது. ஆதலின் நிலத்தடியில் அது உவர்நீரின் மேல் மிதந்து, தன் பளுவால் அதனை அழுத்தி நிறுத்துகிறது. கடல்மட்டத்திற்குமேல் நன்னீர் ஓரடி நின்றால், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை உவர்நீர் வாராமல் தடுக்கும் என்பது கணக்கு. எனவே மேலே ஓரடி குறைந்தால் கீழே நாற்பது அடி உவர்நீர் ஏற இடங்கொடுத்ததாகும். கண்ணுக்குத் தெரிந்த இழப்பு ஓரடி. தெரியாத இழப்பு நாற்பது அடி. 1969-லேயே மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுந்தமை அறியப்பட்டது. பின்னர் அது பல கிலோமீட்டர் உள்நாட்டுக்குள் நகர்ந்தது. நெல் விளைந்த நிலங்களின் கிணறுகள் உவர்த்தன. ஆற்றில் தடுப்பணை கட்டி நீரை நிலத்திற்குள் செலுத்தும் வேலை பின்னால் வந்தது. 2010-இல் அதே வட்டாரத்துக் காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நிலம் இலவசமாகச் செய்துவந்த வேலையை இயந்திரம் மின்சாரச் செலவில் செய்கிறது.

இனி, நம் நெசவாளர் சங்கங்களின் இன்றைய நிலைக்கு வருவோம். நமக்கு மிகுந்த கவலை தருவது இதுவே. 1976-இல் மத்திய அரசாங்கம் ஜனதா துணித் திட்டத்தைத் தொடங்கியது. ஏழைகளுக்கு மலிவு விலையில் துணி, நெசவாளர்க்கு இடையறாத வேலை என்னும் இரு நல்ல நோக்கங்கள் அதற்கு இருந்தன. துணி தேங்கும் என்ற அச்சமில்லை, மானியம் உண்டு. ஆகவே பல ஊர்களில் நுண்ணிய இரகங்களைக் கைவிட்டுத் தடித்த ஜனதா இரகங்களுக்கே தறிகள் மாறின. 1990-இல் அறிக்கை அளித்த ஆபித் உசேன் குழு இத்திட்டத்தைப் படிப்படியாக நிறுத்துமாறு பரிந்துரைத்தது. எட்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் அது குறைக்கப்பட்டுக் கைவிடப்பட்டது. அப்பொழுதுதான் கைத்திறன் போன கதை தெரியவந்தது. பதினைந்து ஆண்டுகள் ஒரே இரகம் நெய்த கைக்குப் பழைய கரையும் பூவும் மறந்துபோயின.

தமிழ்நாட்டில் 1983-இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் எண்ணற்ற வீடுகளில் அடுப்பெரியச் செய்தது என்பதை நாம் நன்கறிவோம். அத்திட்டம் கூடாது என்று கூறுவார் கூற்று நமக்கு உடன்பாடன்று. ஆனால் இன்று அவ்வேட்டி சேலைகளுள் பெரும்பகுதி விசைத்தறிச் சங்கங்களில் நெய்யப்படுகிறது என்பதையும் நெசவாளர் அறிவர். ஒரே ஆணையை நம்பிய கைத்தறிச் சங்கத்திற்கு அதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

நாம் பார்வையிட்ட சங்கம் ஒன்றின் கதையைக் கூறுவோம், பெயர் வேண்டா. ஒரு காலத்தில் அதன் ஐந்தொகை பார்ப்பவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளத்தக்கது. நெய்த துணியனைத்தும் ஒரே ஆணைக்குச் சென்றமையால் சரக்குத் தேக்கம் அறவே இல்லை. விற்பனை நிலையம் எதற்கு என்று அதனை மூடினர். விற்பனையாளர் ஓய்வு பெற்றார், அவ்விடம் நிரப்பப்படவில்லை. புது மாதிரிகள் வரைய ஆள் வேண்டாமல் போயிற்று. டாபியும் ஜக்கார்டும் கிடங்கின் மூலைக்குச் சென்றன. இவையாவும் செலவுக் குறைப்பு என்று ஆண்டறிக்கையில் பெருமையுடன் குறிக்கப்பட்டன. கணக்கில் தவறேதும் இல்லை. தணிக்கையாளர் எழுதுவதற்கு ஒன்றும் காணவில்லை. பின்னர் ஆணையின் அளவு குறைந்தது. தொகை வந்துசேரத் தாமதமான மாதங்களில் மத்திய கூட்டுறவு வங்கியின் காசுக்கடனுக்கு வட்டி ஏறியது. வெளிச் சந்தைக்கு நெய்வோம் என்று முனைந்தபோது, எங்கே விற்பது என்று அறிந்தவரும் இல்லை. எதனை நெய்வது என்று காட்டுபவரும் இல்லை.

அத்தகைய சங்கத்திற்கு நாம் கூறிய யோசனை மிக எளியது. மாத அறிக்கையில் இரண்டு வரிகள் கூடுதலாகச் சேர்க்கவேண்டும். மொத்த விற்பனையில் மிகப் பெரிய கொள்வோர் ஒருவர் வாங்கியது எவ்வளவு பங்கு என்பது ஒரு வரி. கடந்த பன்னிரண்டு மாதங்களில் புதிதாக நெய்து விற்ற இரகங்கள் எத்தனை என்பது மற்றொரு வரி. முதல் எண் பெருகுவதையும் இரண்டாம் எண் சுன்னத்தை நெருங்குவதையும் காணும் ஆண்டில், இலாபம் எவ்வளவு இருப்பினும் நிர்வாகக் குழு கூடி ஆராயவேண்டும். ஆணைக்கு நெய்யும் தறிகளை நிறுத்தச் சொல்லவில்லை. நல்ல ஆண்டின் உபரியிலிருந்து சில தறிகளை மட்டும் ஒதுக்கி, ஆணை சாராத இரகங்களை நெய்துவரச் சொன்னோம். அத்தறிகள் முதலில் நட்டமே காட்டும். வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு யூரியா குறைத்த வயல் சற்றே வெளிறித் தெரிவது போன்றதே அது.

நிர்வாகக் குழுவில் எதிர்ப்பு இல்லாமலில்லை. ஓடுகிற தறியை நிறுத்தி ஓடாத தறியை ஓட்டுவதா என்று ஒருவர் கேட்டார், நியாயமான கேள்விதான். நீண்ட விவாதத்தின்பின் நான்கு தறிகளுக்கு இசைந்தனர். கிடங்கிலிருந்த ஜக்கார்டுப் பெட்டிகளுள் இரண்டு பழுது பார்க்கத்தக்க நிலையில் இருந்தன; மற்றவை துருப்பிடித்துப் போயின. பூ மாதிரியைக் கட்டத்தாளில் வரைந்து அட்டை குத்தத் தெரிந்தவர் அவ்வூரில் ஒருவரே எஞ்சியுள்ளார். அவர்க்கு வயது 74. வலக்கண் பார்வை மங்கியுள்ளது. காலை வெளிச்சத்தில் மட்டும் இரண்டு மணி நேரம் வந்து அமர இசைந்திருக்கிறார். அவரிடம் பயில இளைஞர் இருவர் முன்வந்துள்ளனர். ஒருவர் சேலைக் கரை வரையும், மற்றவர் இன்னும் கட்டங்களை எண்ணும் நிலையில் இருக்கின்றனர்.